கேம் செயினுக்குக் கட்டின கம்பி

உட்காருங்க தெய்வேந்திரன் தம்பி. தங்கச்சி வளைகாப்புக்கு வளையல் பெட்டியோட பைக்ல கிளம்பின ஆளை நடுவழியில விட்டுருவேனா? சாயங்காலம் விசேஷத்துக்கு முன்னாடி வளையல் அங்க இருக்கும். இந்த ஆரோக்கியம் கேரண்டி!

இதோ பாருங்க, எஞ்சினுக்குள்ள இருந்து மேல வருதே, இதான் கேம் செயின். இதைத் தாங்குற பட்டை தேஞ்சுபோச்சு. அதான் கடகடன்னு சத்தம்.

"அதை ஏண்ணே ஹேண்டில்பார்ல கம்பி போட்டுக் கட்டியிருக்கீங்க?"

அப்படிக் கேளுங்க! கட்டலைன்னா எஞ்சின் வயித்துக்குள்ள விழுந்துரும். அப்புறம் மொத்தத்தையும் இறக்கிப் பிரிக்கணும். தொழிலுக்கு வந்த புதுசுல கட்டாம விட்டவன் நான். முட்டாள்தனத்துல நம்மள அடிச்சுக்க மாவட்டத்துலயே ஆள் கிடையாது.

அன்னைக்குச் செயின் உள்ள விழுந்துருச்சு. கம்பில கொக்கி போட்டு உள்ள விட்டேன். மொதல்ல வந்தது, நான் தேடிக்கிட்டிருந்த ஸ்க்ரூ டிரைவர். அடுத்து ஒரு டீ கிளாஸ்.

பக்கத்து டீக்கடை காதர் பாய் எட்டிப் பாக்குறாரு. "என் கிளாஸா?"

உங்க கிளாஸேதான் பாய். கழுவித்தான் கொடுத்தேன்.

"அதான் அன்னைக்கு டீல ஆயில் மிதந்துச்சா!"

கேளுங்க. இன்னும் ஆழமா விட்டேன். கனமா ஒண்ணு மாட்டுச்சு. நாலு பேர் பிடிச்சு இழுத்தா, பின்தெருக் கிணத்துல விழுந்த வாளி! தண்ணி தளும்புது, உள்ள ஒரு கெளுத்தி மீன் துள்ளுது.

"எஞ்சினுக்குள்ள கிணறு எப்படிண்ணே வந்துச்சு?"

அதெல்லாம் தெரிஞ்சா நான் ஏன் தம்பி மெக்கானிக்கா இருக்கேன்? மறுபடி விட்டா, அந்தப் பக்கத்துல இருந்து எவனோ கம்பியை இழுக்குறான்! நானும் விடல. கடைசில பாத்தா, பழனியில ஒரு மெக்கானிக். அவனும் செயினை விட்டுட்டு அவன் எஞ்சின் வழியாத் தேடுறான். அவன் செயின் என் கொக்கில, என் செயின் அவன் கொக்கில. அன்னைக்குத்தான் எனக்குச் சரிக்குச் சமமா ஒரு முட்டாள் கிடைச்சான். சந்தோசத்துல அழுதுட்டேன்.

"ஒரு கம்பி பழனி வரைக்கும் போச்சாக்கும்?" பாய்க்கு எப்பவும் சந்தேகம்தான்.

கம்பில இல்ல பாய், கொக்கி வளைக்கிறதுல இருக்கு சூட்சுமம். இதோ பாருங்க, இந்தக் கம்பியை இப்படி அவுத்து, நுனியை இப்படி மடக்கி...

சலக்!

கம்பி என் கையில இருக்கு. செயினைத்தான் காணோம்.

பாய் நைசா டீ போடப் போயிட்டாரு. தெய்வேந்திரன் வளையல் பெட்டியைப் பாக்குறாரு, என்னைப் பாக்குறாரு.

"அண்ணே, பொறக்கிற பிள்ளைக்குப் பேர் வைக்கிற அன்னைக்காவது வண்டி கிடைக்குமா?"