மாடிக்கு வைத்த பூஸ்டர்

வடிவு டீச்சரிடம் கேபிள் வேலை படித்தவர்களில் வயதில் மூத்தவர் தொம்மை. தூத்துக்குடித் துறைமுகத்தில் கிரேன் ஓட்டி ஓய்வு பெற்றவர். டீச்சரைவிடப் பதினைந்து வயதாவது பெரியவர். ஆனாலும் டீச்சர் உள்ளே வந்தால் எழுந்து நின்றுவிடுவார்.

கொஞ்ச நாளாக அவர் வகுப்புக்கு வரவில்லை. ஒரு மத்தியானம், எல்லோரும் போன பிறகு வந்தார். உட்காரச் சொல்லியும் உட்காரவில்லை.

"ஒரு சந்தேகம் டீச்சர். பூஸ்டரை எங்க வச்சிருக்கணும்?"

"என்ன நடந்துச்சு அண்ணாச்சி?"

தொம்மை சொன்னார். அவர் மனைவி அமலோற்பவத்துக்குப் பக்கவாதம். மாடி அறையில்தான் இருப்பாள். கீழே அவர் ரிப்பேர் கடை வைத்திருந்தார். பழைய காலத்துச் சுவர், வைஃபை மேலே ஏறவில்லை. கை நடுக்கத்தில் அவளால் செல்போனும் பிடிக்க முடியாது. அதனால் வீட்டில் ஏற்கெனவே ஓடிய டிவி கேபிளிலேயே நெட்வொர்க் இழுத்தார். மாடியில் ஒரு இணைப்புப் பெட்டி, கடையில் ஒரு பெட்டி. கட்டிலோரம் ஒரு பொத்தான். அவள் அழுத்தினால் கடையில் மணி அடிக்கும்.

நன்றாகத்தான் அடித்தது. பிறகு மாடி டிவியில் படம் புள்ளி புள்ளியாக வருகிறது என்றாள். சிக்னலைக் கூட்டும் பூஸ்டர் ஒன்று வாங்கி, மாடிக்குப் போகும் கேபிளின் நடுவில் வைத்தார்.

"படம் எப்படி வந்துச்சு?"

"கண்ணாடி மாதிரி."

மறுநாள் கட்டிலிலிருந்து இறங்கும்போது அமலோற்பவம் விழுந்துவிட்டாள். எப்படியோ எட்டிப் பொத்தானை அழுத்தினாள். அழுத்திக்கொண்டே இருந்தாள். கடையில் மணி அடிக்கவில்லை. தெரு இரைச்சலில் அவள் கத்தியதும் கேட்கவில்லை. சாயங்காலம் காபியோடு ஏறிப் போனபோதுதான் தொம்மை பார்த்தார். இடுப்பெலும்பு முறிந்திருந்தது.

"ஆஸ்பத்திரியில இருந்து நேரா மணப்பாட்டுக்கு, அவ அக்கா வீட்டுக்குப் போயிட்டா. நான் கூப்பிட்டா, இங்கனயே இருந்துக்கிடுதேன்னு சொல்லுதா. ஒரு வார்த்தை ஏசக்கூட இல்ல டீச்சர்."

டீச்சர் மேசையில் டிவியையும் இரண்டு பெட்டிகளையும் கேபிளில் இணைத்தார். நடுவில் பூஸ்டரை வைத்தார். படம் பளிச்சென்று வந்தது. பெட்டிகளில் விளக்கு எரியவில்லை. பூஸ்டரைக் கழற்றி, கேபிள் இரண்டு பெட்டிகளுக்கும் கிளை பிரிவதற்கு முன்னால் வைத்தார். இரண்டு விளக்கும் எரிந்தன.

"இது டிவி சிக்னலைத்தான் விடும். பெட்டியும் பெட்டியும் பேசிக்கிறதை மறிச்சிடும். அதனால பிரியிற இடத்துக்கு முன்னாலேயே வைக்கணும். சந்தேகம் தீந்துச்சா?"

"தீந்துச்சு."

ஆனால் அவர் போகவில்லை.

"அந்தப் பொத்தானை ஒரு தடவை அழுத்திப் பாத்திருக்கலாம், டீச்சர்."

"பெட்டி வைக்கிறதுக்கு முன்னால அவங்களை எப்படிப் பாத்துக்கிட்டீங்க?"

"அப்பப்ப ஏறிப் போவேன். கூப்பிடாட்டாலும் போவேன்."

"வச்ச பிறகு?"

தொம்மை எரிந்த விளக்குகளையே பார்த்துக்கொண்டிருந்தார். "மணி அடிக்கலைன்னா அவ நல்லா இருக்கான்னு நெனச்சிக்கிட்டேன்."

"பூஸ்டர் வச்ச அன்னைக்கு அவங்க என்ன சொன்னாங்க?"

"படம் நல்லாருக்குன்னா. பெறகு என்னமோ சொல்ல வந்தா. கடையில ஆள் நின்னுச்சு, எறங்கிட்டேன்."

டீச்சர் கேபிளைச் சுருட்டி வைத்தார். தொம்மை சட்டைக் கையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"இன்னைக்கே பூஸ்டரை மாத்தி வச்சிட்டு, நாளைக்கு மணப்பாட்டுக்குப் போறேன். எல்லாத்தையும் சரி பண்ணிட்டேன், இனி மணி அடிக்கும், எம்மேல தப்புதான்... இதையெல்லாம் எப்படிச் சொன்னா அவ வருவா? நீங்கதான் சொல்லிக் குடுக்கணும்."

வடிவு டீச்சர் அவரை நிமிர்ந்து பார்த்தார்.

"நீங்க சொல்றதுக்கா அண்ணாச்சி போறீங்க, அன்னைக்கு அவங்க சொல்ல வந்ததைக் கேக்கவா?"