சின்னிக்கு மூணு கல்யாணம்

ஒரு ஊர்ல ஒரு கழுதை இருந்துச்சு. பேரு சின்னி. அந்தக் கழுதைக்குச் சொந்தக்காரி ஒருத்தி இருந்தா, அவ பேரு சடச்சி. ஊர்த் துணியெல்லாம் வெளுக்கிறவ. புருசன் செத்து ஆறு வருசம் ஆச்சு. அவளுக்குன்னு இருந்தது ஊருக்கு வெளியில ஒரு குடிசை, அந்தச் சின்னி, அப்புறம் ஒரு வாய். அந்த வாய் சும்மா இருக்காது. எதைப் பாத்தாலும் "அது ஏன் அப்படி?"ன்னு கேக்கும். அவ செஞ்ச குத்தமெல்லாம் அது ஒண்ணுதான். ம் போடு கண்ணு, இல்லைன்னா நான் செவுத்துக்கிட்ட பேசுற மாதிரி இருக்கு.

ம்.

ஆங். அந்த ஊருக்கு ஒரு கம்மா, ஏரிதான். பெரிய கம்மா, நெறைஞ்சா கடல் மாதிரி கிடக்கும். ரெண்டு வருசத்துக்கு முன்னால ஒரு பெருமழையில கரை பொத்துக்கிச்சு. ரெண்டு மாட்டுவண்டி சோடியாப் போற அகலத்துக்கு உடைப்பு. அதுக்கப்புறம் மழை பெய்யும், தண்ணி வரும், குடுகுடுகுடுன்னு அந்த உடைப்பு வழியா ஓடி, பள்ளத்துல இருக்கிற கீழவூருக் கம்மாயில போயி விழும். இவுங்க கம்மாயில காக்கா குளிக்கக்கூடத் தண்ணி நிக்காது.

பொத்துக்கிட்டா மண்ணைப் போட்டு அடைக்க வேண்டியதுதானேங்கிறியா? அம்புட்டு அறிவு இருந்தா இந்தக் கதையே இல்லையே. அந்த ஊர்ல ஒச்சப்பன்னு ஒரு கோடாங்கி. உடுக்கை அடிச்சுக் குறி சொல்றவன். அவன் உடுக்கைய எடுத்தான், டுங்கு டுங்கு டுங்கு, கண்ணை உருட்டினான், "கரையை உடைச்சது முனி. அங்க எவனாவது மம்பட்டிய வச்சா ரத்தம் கக்கிச் சாவான்"ன்னான். ஊரே கன்னத்துல போட்டுக்கிச்சு. அப்புறம் எல்லாரும் உடைப்ப மறந்துட்டு வானத்தை அண்ணாந்து பாக்க ஆரம்பிச்சிட்டாங்க.

அப்போ ஊர்க் கூட்டம் போட்டாங்க. நாட்டாம சீமச்சாமி, பெரிய மீசை, அதுக்குள்ள சின்ன மூளை, அவரு சொன்னாரு: "மழை பத்தல. கழுதைக்குக் கல்யாணம் பண்ணி வச்சாத்தான் இறங்கும். சடச்சி கழுதையப் பொண்ணா எடுப்போம்."

சடச்சி கூட்டத்துக்குள்ள வரக்கூடாது. தள்ளி, எருக்கஞ்செடி ஓரமா நின்னா. அங்கயிருந்தே கேட்டா: "சாமி, மழை பெய்யத்தானே செய்யுது. தண்ணி நிக்கத்தான் இடமில்ல. உடைப்ப அடைச்சா என்ன?"

"முனி அடிச்சிரும்டி."

"தெனமும் அது வழியாத்தான் சின்னிய ஓட்டிட்டுப் போறேன் சாமி. என்னைய ஒண்ணும் பண்ணலையே?"

ஒச்சப்பன் சொன்னான்: "உன்னையத் தொட்டா முனிக்கே தீட்டுடி."

ஊரே தலையாட்டிச்சு. முனிக்குத் தீட்டாம்! ரத்தம் குடிக்கிற முனி, ஆளு பாத்து, சாதி விசாரிச்சுத்தான் அடிக்குமாம். இதைச் சொன்னவனும் சிரிக்கல, கேட்டவனும் சிரிக்கல. அவளுக்கு மட்டும் அன்னைக்கே ஒரு பேரு வச்சாங்க. சந்தேகப் பிராணியாம்.

ம்.

அப்புறம் சித்திரையில மொதக் கல்யாணம். பக்கத்து ஊர்ல இருந்து ஒரு ஆண் கழுதைய ஓட்டிட்டு வந்தாங்க. சின்னிக்கு மஞ்சத் தண்ணி ஊத்தி, நெத்தியில பொட்டு வச்சு, பட்டுத்துணி போத்தி, கழுத்துல மாலை. பீப்பீ டும்டும், பீப்பீ டும்டும். கோயில் வாசல் வரைக்கும் கழுதை போகுது. அதை வளத்தவ எருக்கஞ்செடிகிட்ட நிக்கிறா. சின்னிக்குப் பொட்டு வச்ச அதே கைதான், சடச்சி தாகமுன்னு கேட்டா ஒரு முழம் மேல தூக்கித் தண்ணி ஊத்தும்.

தாலி கட்டி ஒரு வாரம், பத்து நாளு, பதினஞ்சு நாளு. வானம் பளிச்சுன்னு கிடக்கு. ஒச்சப்பன் டுங்கு டுங்குன்னான். "மாப்பிள்ளைக்கு அந்த ஊர்ல ஏற்கெனவே ஒரு சம்சாரம் இருக்கு. மறைச்சுட்டாங்க. ரெண்டாந்தாரமாக் கட்டிக் குடுத்தா மழை எப்படி வரும்?" எல்லாரும் "அதானே"ன்னாங்க. அத்தோட சின்னி கழுத்துத் தாலியக் கழட்டிட்டாங்க.

அப்புறம் வைகாசியில ரெண்டாவது கல்யாணம். வேற மாப்பிள்ளை. இந்தத் தடவை நல்லா விசாரிச்சாங்க, பிரம்மச்சாரிக் கழுதைதான்னு. முகூர்த்த நேரத்துல பொண்ணு கத்தினா நல்ல சகுனம்னு ஒருத்தன் சொல்ல, சின்னி கத்தவே இல்லை, பொங்கல் திங்கிற மும்முரம் அதுக்கு. ஒருத்தன் பின்னால போயி குச்சியால நெருடினான். சின்னி ங்ஹீ... ங்ஹான்னு கத்திட்டு, பட்டுன்னு பின்னங்கால விட்டுச்சு பாரு, அவன் பந்தக்காலைக் கட்டிக்கிட்டுக் கிடந்தான்.

மழை வரல. டுங்கு டுங்கு. "பொண்ணு தெக்க பாத்துக் கத்திருச்சு. வடக்க பாத்துக் கத்தியிருக்கணும்." ஊரு "அதானே"ன்னுச்சு. மறுபடியும் தாலியக் கழட்டியாச்சு.

சடச்சிக்குப் பொறுக்கல. "சாமி, மழை வந்தா கல்யாணத்தால வந்துச்சும்பீங்க. வரலைன்னா கல்யாணம் சரியில்லம்பீங்க. அப்போ என்ன நடந்தா, இது பொய்யின்னு ஒத்துக்குவீங்க?"

பதில் இல்லாதப்போ மனுசன் என்ன செய்வான்? திட்டுவான். அன்னைக்குக் குதர்க்கக்காரின்னு பேரு வச்சாங்க. அவளுக்கு மனசுக்குள்ள எரிஞ்சுச்சு. புருசன் செத்தன்னைக்கு அவ பொட்டை அழிச்ச ஊரு அது. திரும்ப ஒரு பொட்டு வைக்க இந்த ஆறு வருசத்துல எவனும் நாள் பாக்கல. கழுதைக்கு ரெண்டு தடவை அறுத்து, மூணாவது தடவை கட்டப்போறாங்க. சாத்திரம் கழுதைக்கு அம்புட்டு எளகுது பாரு.

தூங்கிட்டியா?

ம்ஹும்.

அப்புறம் ஆனியில மூணாவது கல்யாணம். நாட்டாமயே சந்தையில ஒரு மாப்பிள்ளைய வாங்கிட்டு வந்துட்டாரு. மாப்பிள்ளைக்கு அப்பனா அவரே மணையில உக்காந்தாரு. வெக்கமில்லாம கழுதைக்கு அப்பனா உக்காந்தாரு கண்ணு, மீசையெல்லாம் முறுக்கிக்கிட்டு. ஒரு குறை இல்லை. சின்னி வடக்க பாத்துக் கத்துச்சு. மாப்பிள்ளை மாலையத் திங்கல. நாதசுரக்காரன் கூட அபசுரம் வாசிக்கல.

அப்பயும் ஒரு சொட்டு இல்லை.

இப்போ என்ன சொல்லுவான்? ஒச்சப்பன் ரொம்ப நேரம் அடிச்சான், டுங்கு டுங்கு டுங்கு டுங்கு. கண்ணை மூடி, கண்ணைத் தொறந்து, விரலை நீட்டினான். எருக்கஞ்செடியப் பாத்து நீட்டினான். "நம்பிக்கை இல்லாத ஒருத்தி நிழலு பந்தல்ல விழுந்திருச்சு."

அம்புட்டுத்தான். ஊருக்கு ஆகாதவ, இன்னைக்கே வெளியேறணும்னு தீர்ப்பு. சடச்சி அழுகல. மூட்டையக் கட்டினா, சின்னி கயித்தைப் பிடிச்சா. நாட்டாம தடுத்துட்டாரு. "கழுதைய எங்க கொண்டு போற? அது என் வீட்டு மருமக. என் தொழுவத்துலதான் இருக்கும்."

அவ கயித்தை விடல. சின்னி இல்லாம அழுக்கு மூட்டைய யாரு சுமக்கிறது? புது ஊர்ல போயி எதை வச்சுப் பிழைக்கிறது? குடிசை போனாப் போகுது, கஞ்சியே சின்னி முதுகுலதானே வருது. அதோட, அது பேசாட்டியும் அவளுக்கு இருந்த ஒரே துணை அதுதான். கயித்தை விட்டுட்டு வெறுங்கையோட நடந்தா. கீழவூரு எல்லையில ஒரு புளியமரத்தடியில உக்காந்து, அப்பத்தான் அழுதா. நல்லா அழுதா. அழுது முடிச்சு மூக்கைச் சிந்திட்டு, யோசிச்சா.

சண்டை போட்டா நடக்காது. நியாயம் பேசினா குதர்க்கம். அந்த ஊருக்குக் காது எங்க இருக்குன்னு அவளுக்குத் தெரியும்.

ஆடி மாசம் ஒண்ணாந் தேதி, விடிஞ்சதும் விடியாததுமா வந்து நிக்கிறா. கையில ஒரு தாம்பாளம். அதுல வெத்தலை பாக்கு, ஒரு சீப்பு வாழைப்பழம், ஒரு கட்டுப் பச்சைப் புல்லு. எருக்கஞ்செடிகிட்ட நிக்கல. நேரா நாட்டாம வாசல்ல நின்னு, தெருவுக்கே கேக்குற மாதிரி, "சம்பந்தி, ஆடி அழைக்க வந்திருக்கேன்"ன்னா.

நாட்டாமைக்கு மீசை துடிச்சுச்சு. "யாருடி சம்பந்தி?"

"சின்னி உங்க வீட்டு மருமகள்னு நீங்கதான் சொன்னீங்க. வளத்தவ நான். புதுப்பொண்ணை ஆடியில தாய் வீட்டுக்கு அனுப்பணுமா, வேணாமா? அனுப்பாத வீட்டுக்கு என்ன ஆகும்னு கோடாங்கியவே கேளுங்க."

எல்லாரும் ஒச்சப்பனைப் பாத்தாங்க. அவன் என்ன சொல்லுவான்? அனுப்ப வேணாம்னா ஆடி அழைக்கிறது பொய்யின்னு ஆகும், நாளைக்கு அவன் மக புருசன் வீட்டுக்காரன் இதையே பிடிச்சுக்குவான். சின்னி மருமகளே இல்லைன்னா மூணு கல்யாணமும் பொய்யின்னு ஆகும். உடுக்கைய எடுத்தான். டுங்... அத்தோட நின்னு போச்சு. "அனுப்பித்தான் ஆகணும்"ன்னு முணுமுணுத்தான்.

அப்போ சடச்சி சின்னிய ஓட்டிக்கிட்டு, ஊர் நடுத்தெரு வழியாவே கீழவூருக்குப் போனா. டக்கு டக்கு டக்கு டக்கு. ஒருத்தனும் தடுக்கல. பொண்ணு தாய் வீட்டுக்குப் போகுதே, தடுக்கலாமா?

ஆவணியில திரும்பக் கூட்டியாரணும். யாரும் வரல. ஒரு கழுதைக்குத் தீனி மிச்சம்னு விட்டுட்டாங்க. அவுங்க பக்தி அம்புட்டுத்தான்.

ம்.

அப்புறம் ஐப்பசி வந்துச்சு. வருசா வருசம் ஐப்பசியில பெய்யிற மழை, அந்த வருசமும் பெஞ்சுச்சு. சோன்னு மூணு நாளு. தண்ணி திமுதிமுன்னு கம்மாய்க்கு வந்து, உடைப்பு வழியா குடுகுடுகுடுன்னு ஓடி, கீழவூருக் கம்மா நெறைஞ்சு வழிஞ்சு மறுகால் பாஞ்சுச்சு. அங்கயே குடிசை போட்டிருந்த சடச்சிக்கு நல்ல வேலை. தப்பு தப்புன்னு துணி துவைக்கிற சத்தம் ஓயல. இந்த ஊர்ல மறுபடியும் வெறும் சேறு.

உடைப்ப இப்பவாவது பாத்தாங்களா? பாப்பாங்களா அவுங்க. ஒச்சப்பன் சொல்லிட்டான், "மருமக ஊரைவிட்டுப் போனா, தண்ணியும் பின்னாடியே போயிருச்சு. போயிக் கூட்டிட்டு வாங்க." நாட்டாம, கோடாங்கி, இன்னும் ஒரு பத்துப் பேரு வேட்டி மடிச்சுக் கட்டிக்கிட்டு கீழவூருக்குக் கிளம்பினாங்க.

சடச்சி பாத்தா. ஓடிப்போயி பாய் விரிச்சா. கோவம் இல்லாம இருக்குமா, இருந்துச்சு. ஆனா அவ குடிசை அங்கதானே கிடக்கு, புருசனைப் பொதைச்ச மண்ணும் அங்கதானே. போகணும்னுதான் மனசு அடிச்சுக்கிச்சு.

"சம்பந்தி, தாராளமாக் கூட்டிட்டுப் போங்க. நானும் கூட வாரேன். என்னையத் தொட்டா முனிக்குத் தீட்டுதானே, உடைப்புல மொத மம்பட்டி நானே வைக்கிறேன், நீங்க பின்னால மண்ணு போடுங்க. ஒரு வாரத்துல அடைச்சிரலாம். அடுத்த மழைக்குக் கம்மா நெறையும். ஆனா ஒண்ணு. பொண்ணழைக்க வந்தவுங்க, பொண்ணு வீட்ல கை நனைக்காமப் போகக்கூடாது. இதுவும் உங்க ஊரு முறைதான்."

சொல்லிட்டு இலையப் போட்டா. சுடுசோறு, அயிரை மீன் குழம்பு. இலைக்குப் பக்கத்துல சொம்புல தண்ணி.

சாப்பிட்டா அவ சம்பந்தி. சாப்பிடலைன்னா கழுதை மருமக இல்லை. ஊருக்குத் தண்ணி வேணும்னா அந்தச் சொம்புத் தண்ணியில கைய நனைச்சா போதும்.

நாட்டாம இலையப் பாத்தாரு. சொம்பைப் பாத்தாரு. கழுதைக்கு அப்பனா உக்காந்தப்போ குறுகாத மனுசனுக்கு இப்போ உடம்பே குறுகுது. ஒச்சப்பனுக்குக் குழம்பு வாசனை மூக்கைத் துளைக்குது, கை ஒரு சாண் முன்னாடி போயிருச்சு, பக்கத்துல நிக்கிறவன் முறைக்கவும் முழங்கால் அரிக்கிற மாதிரிச் சொறிஞ்சுக்கிட்டான். ஒருத்தனும் உக்காரல. சோத்துல ஆவி அடங்கிருச்சு, குழம்புல ஆடை கட்டிருச்சு.

கடைசியில நாட்டாம துண்டை உதறித் தோள்ல போட்டுக்கிட்டு, "எங்க ஊருக்குத் தண்ணி வேணாம்"ன்னாரு.

பத்துப் பேரும் "அதானே"ன்னாங்க. வந்த வழியே திரும்பி, அந்த உடைப்பைத் தாண்டித்தான் ஊருக்குப் போனாங்க.

சடச்சி நாட்டாமைக்குப் போட்ட சோத்தை இலையோட எடுத்துட்டுப் போயி சின்னி முன்னால வச்சா. சின்னி யாரு சமைச்சதுன்னு கேக்கல, என்ன சாதின்னு கேக்கல. லபக்கு லபக்குன்னு இலையையும் சேத்துத் தின்னுட்டு, அவ கைய நக்குச்சு.

கதை அம்புட்டுத்தான். கழுதையும் படுத்திருச்சு, நீயும் கண்ணை மூடு.