வெள்ளிக் கழுத்து

“சாமி, முருகன் என்னைக் கைவிட்டுட்டாரா?”

மலையடிவார மடத்தில் காலைப் பாட்டு வடிவாம்பாள் பொறுப்பு. கொஞ்ச நாளாக அவள் குரல் கரகரத்தது. பாடும்போதே கண் சொருகியது. பாவம், பாட்டை விட்டால் அவளுக்கு வேறு துணையில்லை.

மடத்துச் சாமி அவளைவிட இளையவர். இளம்பிள்ளை வாதத்தில் இடது கால் சூம்பியவர். கக்கத்தில் ஊன்றுகட்டை இல்லாமல் ஓரடி வைக்க மாட்டார்.

“தைராய்டு மாத்திரை போடறீங்களாம்மா?”

“தைப்பூசத்தோட நிறுத்திட்டேன்.”

“ஏன்?”

“ரத்தப் பரிசோதனையில எல்லாம் சரியாயிடுச்சுன்னு வந்துது. வேண்டிக்கிட்டபடி வெள்ளியில கழுத்து உரு வாங்கி உண்டியல்ல போட்டேன். அதுக்கப்புறமும் மாத்திரை போட்டா அவரை நம்பாத மாதிரி ஆயிடாதா?”

சாமி தன் ஊன்றுகட்டையைப் பார்த்தார்.

“ஆயுசுக்கும் போடணுமாம். அப்ப நான் ஆயுசுக்கும் நோயாளியா சாமி?”

சொல்லும்போதே அழுதுவிட்டாள். சாமிக்கும் மனசு கலங்கியது.

“வாங்க, மலைமேல போய் அவரையே கேட்டுடுவோம்.”

அடிவாரக் கடையில் சாமி எதையோ வாங்கி மடியில் முடிந்துகொண்டார்.

சின்ன மலைதான். ஆனாலும் நாலு படிக்கு ஒருதரம் அவள் மூச்சு வாங்கி உட்கார்ந்தாள். அவர் கட்டையை ஊன்றியபடி காத்து நின்றார்.

சந்நிதிக்கு வந்ததும் மடியை அவிழ்த்தார். உள்ளே ஒரு வெள்ளிக் கால்.

“விழாம மலையேறணும்னு வேண்டியிருந்தேன். ஏறிட்டேன்.”

உருவை உண்டியலில் போட்டார். கட்டையைச் சுவரில் சாய்த்தார். தூணைப் பிடித்துக்கொண்டு, இறங்கும் படிப்பக்கம் திரும்பினார்.

“சாமி, கட்டை!”

“இனி எதுக்கும்மா? அதைப் பிடிச்சு நடந்தா அவரை நம்பாத மாதிரி ஆயிடாதா?”

சூம்பிய கால் முதல் படிக்கு மேலே ஆடியது. தூணிலிருந்து கை நழுவத் தொடங்கியது.

வடிவாம்பாள் பாய்ந்து அவர் தோளைப் பிடித்தாள். கட்டையை இழுத்து அவர் கக்கத்தில் திணித்தாள். கோபத்தில் அவளுக்கு மரியாதையே மறந்துபோயிற்று.

“புத்தியிருக்கா உனக்கு? இது இருந்ததாலதானே விழாம வந்தே! ஏறியாச்சுன்னு இதை யாராவது தூக்கி...”

அவள் கை தன் கழுத்துக்குப் போயிற்று.

சாமி கட்டையைச் சரிசெய்துகொண்டு இறங்கத் தொடங்கினார்.

மறுநாள் விடிந்தது. வெறும் வயிற்றில் மாத்திரையைத் தண்ணீரோடு விழுங்கிவிட்டு வடிவாம்பாள் ஓரமாக உட்கார்ந்திருந்தாள். சுக்குக் காபி வந்தது. சாமி தன் டம்ளரைத் தொடவில்லை.

“ஆறிடும் சாமி, குடிங்க. எனக்கு மாத்திரை போட்டு ஒரு மணி நேரம் ஆகணும்.”

“ஆகட்டும். சேர்ந்தே குடிப்போம்.”

“தினமுமா?”

“ஆயுசுக்கும்” என்றார் சாமி.