விதைக்கு விட்ட சுரைக்காய்

"அம்மா, நம்ம சங்கத்துல ஒரு திருடன் இருக்கான்" என்றார் சடையப்பன்.

பவளக்கொடி பாத்திக்கு மண் உதிர்த்துக்கொண்டிருந்தார். நிமிரவில்லை.

"என்ன போச்சு அண்ணே?"

"சுரைக்காய். விதைக்குன்னு கொடியிலேயே விட்டிருந்தேன். ரெண்டுல நல்லா முத்தினதைக் காணோம்."

"அப்போ ஒண்ணு இருக்கே."

அந்தப் பேச்சு அவருக்குப் பிடிக்கவில்லை.

அது கடையில் கிடைக்கிற சுரைக்காய் இல்லை. வாத்துக் கழுத்து மாதிரி வளைந்து, உடம்பெல்லாம் வெள்ளைப் புள்ளி தெளித்திருக்கும். அடுப்பில் வைத்தால் வெண்ணெயாக வேகும். அவருடைய அம்மா பிறந்த வீட்டிலிருந்து முந்தானையில் முடிந்து கொண்டுவந்த விதை. அந்த மலையடிவாரத்து ஊரில் வேறு எந்த வீட்டிலும் அது கிடையாது.

சடையப்பன் காலமெல்லாம் பஸ் ஓட்டியவர். அதற்காக யாரும் அவரைத் திரும்பிப் பார்த்ததில்லை. இந்தச் சுரைக்காயைப் பார்த்த பிறகுதான் கடைத்தெருவில் 'சுரைக்காய் டிரைவர்' என்று வணக்கம் வைத்தார்கள். கேலியோ மரியாதையோ, அவருக்கு அது போதும்.

தோட்டச் சங்கத்துக்குத் தலைவர் வேறொருத்தர். ஆனால் யார் வீட்டில் ஓர் இலை சுருண்டாலும் ஓடுவது பவளக்கொடியிடம்தான். சடையப்பனைவிட வயதில் சின்னவர். ஆனாலும் சடையப்பனே அவரை 'அம்மா' என்றுதான் கூப்பிடுவார்.

சங்கத்தில் ஒரு வழக்கம் உண்டு. ஆடி பிறந்ததும் அவரவர் வீட்டு விதையைக் கொண்டுவந்து முறத்தில் பரப்பிவிடுவார்கள். வேண்டியவர் வேண்டியதை அள்ளிக்கொள்ளலாம். மார்கழி வந்தால் ஒருவர் தோட்டத்தை மற்றவர்கள் போய்ப் பார்ப்பார்கள்.

மார்கழிக்குச் சடையப்பன் வாசலை அகலத் திறந்து வைப்பார். ஆடிக்கு வெறுங்கையோடு வருவார். இந்த வருஷம் விதை சரியாக விளையவில்லை என்பார். வருஷா வருஷம் அதே பேச்சு.

"ஏன் டிரைவரய்யா, உங்க வீட்டுல குச்சியை நட்டே சுரைக்காய் வருதோ?" என்று டெய்லர் காசிம் கேட்பார். சடையப்பன் காதில் விழாத மாதிரி வெற்றிலை மடிப்பார்.

இந்த மார்கழியில் சங்கத்தார் வந்து பார்த்துவிட்டுப் போன அன்றைக்குத்தான் காய் காணாமல் போயிருந்தது.

"யாருன்னு கண்டுபிடிச்சுக் குடுங்கம்மா."

"தெரிஞ்சா என்ன பண்ணுவீங்க?"

"பறிச்ச கையை ஒடிச்சுடுவேன்."

பவளக்கொடி கையில் இருந்த மண்ணைத் தட்டிவிட்டார். விரல்களை ஒரு தரம் மடக்கி நீட்டிப் பார்த்துக்கொண்டார்.

"சரி அண்ணே. நேரம் வரும்போது சொல்றேன்."

சடையப்பன் நேரே வீட்டுக்குப் போனார். மிச்சம் இருந்த காயை அப்போதே கொடியிலிருந்து அறுத்தார். தகரப் பெட்டியில் வைத்துப் பூட்டினார். சாவியை அரைஞாணில் கட்டிக்கொண்டார்.

ஆடிக் கூட்டத்துக்கு அவர் போகவில்லை. திருடனோடு ஒரே பாயில் உட்கார முடியாது என்று சொல்லி அனுப்பிவிட்டார். வீட்டிலேயே குழி எடுத்து, எரு போட்டு, விதையை ஊன்றினார்.

ஆடி போயிற்று. ஆவணியும் வந்தது. காலையிலும் சாயங்காலமும் தண்ணீர் ஊற்றிக்கொண்டே இருந்தார். அந்தக் குழியில் கோரைதான் முளைத்தது.

"அம்மா, முளைக்கல" என்று வந்து நின்றார்.

"பறிக்கும்போது காயில நகம் இறங்கிச்சா?"

அவர் தன் கட்டைவிரல் நகத்தைப் பார்த்தார்.

"இறங்கிச்சு."

நகம் இறங்குகிற காயின் விதைக்குள் பருப்பு இருக்காது, வெறும் தோல்தான் இருக்கும். அது அவருக்குத் தெரியாதா? சின்ன வயதிலிருந்தே தெரியும்.

"பழைய விதை?"

"முந்தின வருஷமே எல்லாத்தையும் ஊனிட்டேன்." அப்படியே மண்ணில் உட்கார்ந்துவிட்டார். "எங்கம்மா கொண்டுவந்தது. என் கையால போச்சு."

பவளக்கொடி உள்ளே போய்ச் செம்போடு வந்தார். குடிக்கத் தண்ணீர் கொடுத்தார்.

"புரட்டாசியில ஒரு மழை விழட்டும். என்னோட வாங்க, நாலு தோட்டம் பார்த்துட்டு வரலாம்."

முதலில் காசிம் வீடு. தூறல் விழுந்துகொண்டிருந்தது. அந்தத் தூறலில் மதில்மேல் ஒரு சேலை காய்ந்துகொண்டிருந்தது.

சடையப்பன் அதையே பார்த்தார். காசிம் குறுக்கே வந்து நின்றார்.

"ஈரம் டிரைவரய்யா. தொடாதீங்க."

சடையப்பன் சேலையை விலக்கினார்.

வாத்துக் கழுத்து. வெள்ளைப் புள்ளி.

முறத்தில் இருந்த விதையைத்தான் எடுத்துவந்ததாகவும், காய்த்த பிறகுதான் யார் வீட்டுக் காய் என்று தெரிந்ததாகவும், கொடியைப் பிடுங்க மனசு வராமல் பெண்சாதி சேலையைப் போட்டு மூடியதாகவும் காசிம் தரையைப் பார்த்தே சொல்லி முடித்தார்.

சடையப்பன் காயில் நகம் வைத்துப் பார்க்கப் போனார். பிறகு என்ன நினைத்தாரோ, விரலை இழுத்துக்கொண்டார்.

அடுத்த வீட்டில் அதே சுரைக்கொடி வேப்பமரத்தில் ஏறியிருந்தது. அதற்கடுத்த வீட்டில் மொட்டைமாடிப் பந்தல் நிறைய. அங்கே இருந்த பெண் ஊருக்குப் புதிது; அவளுக்கு அவரை யாரென்று தெரியாது.

"இது என்ன சுரைக்காய்மா?" என்று பவளக்கொடி கேட்டார்.

"டிரைவர் சுரைன்னு சொல்றாங்க" என்றாள் அந்தப் பெண். "யாரோ பழைய பஸ் டிரைவராம். அவர் வீட்டு விதை."

சடையப்பன் பந்தலுக்கு அந்தப் பக்கம் போய்க் கொஞ்ச நேரம் நின்றுவிட்டு வந்தார். கண்ணைத் துண்டால் துடைத்தார். தூறல்தான் என்றார்.

இருவரும் திரும்பி நடந்தார்கள். பவளக்கொடியின் தோட்டத்து வாசலுக்கு வந்ததும் சடையப்பன் கேட்டார்.

"அம்மா, உங்க தோட்டத்துல அந்தக் கொடி இல்லையே?"

"இல்ல. முறத்துல போட்டது போக ஒரு கைப்பிடி மிச்சம் வச்சிருந்தேன். தைப்பட்டத்துக்கு ஆகும்னு."



பவளக்கொடி உள்ளே போய்த் திரும்பி வந்து, அவர் முன்னால் வலது கையை நீட்டினார். உள்ளங்கை நிறையச் சுரை விதை. ஒவ்வொன்றும் திரண்டு, கெட்டியாக.

"யாருன்னு கேட்டீங்களே அண்ணே. இந்தக் கைதான்."

சடையப்பன் கையைப் பார்த்தார். விதையைப் பார்த்தார்.

"ஒடிக்கிறதா இருந்தா முதல்ல இதை வாங்கிக்குங்க" என்றார் பவளக்கொடி. "கீழே சிந்திடும்."