வாய் நிறையக் கடலை

ததேயு பதினாறு வருடம் கால்பந்தில் தடுப்பாட்டக்காரனாக இருந்தவன். மொத்தம் அடித்தது இரண்டு கோல். அதில் ஒன்று சொந்த வலையில். ஆனாலும் தூத்துக்குடி மைதானத்தில் அவன் குரலுக்கு மரியாதை உண்டு. கத்திக் கத்தியே பக்கத்து ஆட்களை நிற்க வேண்டிய இடத்தில் நிறுத்துவான்.

நாற்பது வயதில் பயிற்சியாளர் ஆனான். குரலும் கூடவே வந்தது.

அன்று லீகின் கடைசி ஆட்டம். தோற்றால் அணி இரண்டாம் டிவிஷனுக்கு இறங்கும். அவன் வேலையும் போகும். இடைவேளையில் ஒன்றுக்கு ஒன்று.

அவனுக்கு ஏழு வருடம் பயிற்சி கொடுத்த சூசை மாஸ்டர் ஆட்டம் பார்க்க வந்திருந்தார். கையில் பிரிக்காத கடலைப் பொட்டலம்.

"மாஸ்டர், இந்த ரெக்சன் பய நான் சொல்லச் சொல்ல எதிராளைத் தாண்ட விடுதான். எங்க காலத்துல நீங்க கோட்டோரம் நின்னு ஒரு தடவைகூடக் கத்தலியே. எப்படி?"

மாஸ்டர் கோல்கீப்பரைக் கூப்பிட்டு, ததேயுவை நோக்கி ஒரு பந்தைத் தூக்கி அடிக்கச் சொன்னார். தான் போய்க் கோட்டுக்கு வெளியே நின்றுகொண்டார்.

பந்து பாதி வழி வந்தபோது, "ஏல ததேயு!" என்று கத்தினார்.

ததேயு திரும்பினான். பந்து காதில் விழுந்தது.

"எதுக்குக் கூப்பிட்டீய?"

"பந்து வருதுன்னு சொல்லத்தான்."

"அது எனக்குத் தெரியாதா?"

மாஸ்டர் பொட்டலத்தைப் பிரித்து நீட்டினார். "வாய் நிறையப் போட்டுக்க. தீரத் தீரப் போடு."

கடைசி நிமிடம். எதிரணிக்காரன் பந்தோடு தனியாக வந்தான். எதிரில் ரெக்சன் மட்டும். ததேயு 'இடப்பக்கம்' என்று கத்தப்போனான். "ம்ப்ப்" என்றுதான் வந்தது. நாலு கடலை லைன்ஸ்மேன் சட்டையில் ஒட்டிக்கொண்டன.

ரெக்சன் திரும்பிப் பார்க்கவில்லை. வலப்பக்கம் நகர்ந்தான். பந்தும் அங்கேதான் வந்தது.

விசில் ஒலித்தது. அணி தப்பித்தது. பையன்கள் ரெக்சனைத் தோளில் தூக்கிக்கொண்டு ஓடினார்கள்.

"நான் இடப்பக்கம்னு சொல்லிருப்பேன், மாஸ்டர்."

"நானும் அதத்தான் சொல்லிருப்பேன்."

ததேயு சிரித்தான். "உங்களுக்குக் கடலை மாஸ்டர்னு பேரு வச்சிருந்தோம், தெரியுமா? சினிமா பாக்குற மாதிரி ஏழு வருசமும் தின்னீயளே. அம்புட்டு ருசியா?"

மாஸ்டர் காலிப் பொட்டலத்தைக் கசக்கினார்.

"எனக்குக் கடலைன்னாலே ஆகாதுல."