வழியில் நின்ற நேரம்

“இந்த ஞாயிறு வேதபாடத்தை மட்டும் மாத்திக்கலாமா, ஆயரம்மா?”

வந்ததும் வராததுமாகக் கேட்டார் உபதேசியார் ஆசீர் தங்கதுரை.

தேவாலயத்தை ஒட்டிய குருமனை முற்றத்தில் ஆயர் சுகிர்தா செடிகளுக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தார். நிமிரவில்லை.

“என்ன பாடம்?”

“யவீருவோட மகள். செத்த பிள்ளையை ஆண்டவர் எழுப்புறது.”

“நல்ல பாடம்தானே.”

“சபையில தங்கபுஷ்பம் உக்காந்திருப்பாளே, அம்மா.”

சுகிர்தா வாளியைக் கீழே வைத்தார்.

ஆசீர் தொலைபேசித் துறையில் வேலை பார்த்து, விருப்ப ஓய்வு வாங்கிக்கொண்டு ஊழியத்துக்கு வந்தவர். ஆயரம்மாவைவிட வயதில் மூத்தவர். ஆனாலும் பிரசங்கம் செய்ய அவரிடம்தான் கற்றுக்கொண்டிருந்தார். அதில் அவருக்கு வெட்கமில்லை.

தங்கபுஷ்பத்தை ஊரில் எல்லோருக்கும் தெரியும். கீழத்தெருவில் தையல் மெஷின் வைத்துப் பிழைப்பவள். புருஷன் சவூதியில் இருந்தான். ஒரே மகள் பெனினா, ஏழாம் வகுப்பு.

போன ஐப்பசி மழையில் பெனினாவுக்குக் காய்ச்சல் முற்றி வலிப்பு வந்தது. பைக்கில் உட்காரவைக்க முடியாத நிலை. கொட்டுகிற மழையில் ஆட்டோ எதுவும் வரவில்லை. ஆம்புலன்ஸுக்குச் சொன்னார்கள். அதுவும் கிளம்பி வந்தது.

மெயின் ரோட்டிலிருந்து ஊருக்குத் திரும்பும் விலக்கில் ஒரு பெண் ரத்தப்போக்கால் சுருண்டு விழுந்து கிடந்தாள். மேலத்தெரு ஹெப்சி. ஜனங்கள் கை காட்டி வண்டியை நிறுத்தினார்கள். அவளைத் தூக்கிப் படுக்கவைத்து, ரத்தத்தை நிறுத்தப் போராடி, அதன் பிறகுதான் வண்டி ஊருக்குள் வந்தது.

வந்தபோது பெனினா இல்லை.

ஹெப்சி பிழைத்துக்கொண்டாள்.

யாரும் யாரையும் குறை சொல்லவில்லை. அதைப் பற்றி யாரும் பேசவே இல்லை. தங்கபுஷ்பம் ஆராதனைக்கு வருவாள், கடைசி பெஞ்சில் இருப்பாள், ஆசீர்வாதம் கூறுமுன் எழுந்து போய்விடுவாள். ஹெப்சி கோவிலுக்கு வருவதையே விட்டுவிட்டாள். ஒருமுறை ரேஷன் கடை வரிசையில் தங்கபுஷ்பத்தைப் பார்த்தவள் வெறும் பையோடு வீட்டுக்குத் திரும்பிப் போனாள்.

“பிரசங்கம் எழுதியாச்சா?” என்று கேட்டார் ஆயரம்மா.

“எழுதிட்டேன்.”

“வாசிங்க.”

ஆசீர் நின்றபடியே வாசித்தார். ஜெப ஆலயத் தலைவன் என்றால் என்ன பதவி, அந்தக் காலத்து வைத்தியர்கள் என்ன மருந்து கொடுத்தார்கள், விசுவாசம் என்ற சொல்லுக்கு மூலமொழியில் என்ன பொருள் என்று எல்லாம் இருந்தது. நடுவில் ஒரு சின்ன நகைச்சுவையும் இருந்தது. ஆயரம்மா குறுக்கிடாமல் கேட்டார்.

“நல்லா இருக்கு, அண்ணாச்சி. யாருக்கு எழுதினது?”

“சபைக்கு.”

“சபையில யாருக்கு?”

ஆசீர் தாளைப் பார்த்தார்.

“யாருக்கும் வலிச்சிரக் கூடாதுன்னு பாத்துப் பாத்து எழுதினேன், அம்மா.”

“தெரியுது. யாரையும் தொடவே இல்ல.”

ஆயரம்மா கையை நீட்டினார். ஆசீர் தாள்களைக் கொடுத்தார். அவர் அவற்றை மடித்து ஜன்னல் மேல் வைத்துவிட்டு, குடையை எடுத்துக்கொண்டார்.

“வாங்க.”

இருவரும் வெயிலில் நடந்தார்கள். கீழத்தெருவில் ஒரு வீட்டு வாசலில் ஆயரம்மா நின்றார். உள்ளே தையல் மெஷின் ஓடும் சத்தம் கேட்டது.

“உள்ள போய்ப் பாடத்தை வாசிங்க. விளக்கம் ஒண்ணும் சொல்ல வேண்டாம்.”

“இவகிட்டயா?”

“இவகிட்டதான் முதல்ல.”

“அழுதுட்டான்னா?”

“அழட்டும்.”

“நான் என்ன செய்ய?”

“வாசிங்க.”

குடை தெருமுனையில் திரும்பி மறைந்தது.

தங்கபுஷ்பம் நாற்காலியைத் துடைத்துப் போட்டாள். “ஞாயித்துக்கிழமை வாசிக்கப்போற பாடம். ஆயரம்மாதான் முதல்ல உன்கிட்ட வாசிக்கச் சொன்னாங்க,” என்றார் ஆசீர். அவளுக்கு அது புதிதாக இருந்தது. “வாசிங்க ஐயா. நான் தச்சிக்கிட்டே கேக்கேன். சாயங்காலம் துணி குடுக்கணும்.”

ஆசீர் வேதாகமத்தைத் திறந்தார்.

யவீரு ஆண்டவருடைய காலில் விழுந்தான். என் மகள் சாகக் கிடக்கிறாள், வந்து கையை வையும் என்று கெஞ்சினான். மெஷின் ஓடிக்கொண்டிருந்தது. ஆண்டவர் அவனோடே புறப்பட்டார். கூட்டம் நெருக்கியது. ரத்தப்போக்குள்ள பெண் ஒருத்தி பின்னால் வந்து அவர் உடுப்பின் ஓரத்தைத் தொட்டாள். என்னைத் தொட்டது யார் என்று அவர் திரும்பிப் பார்த்தார்.

மெஷின் நின்றது.

“நின்னுட்டாரா?” என்று கேட்டாள் தங்கபுஷ்பம்.

“யாரு?”

“ஆண்டவரு. வழியில.”

“ஆமா. நின்னாரு.”

“எவ்வளவு நேரம்?”

“எழுதல.”

அவள் ஊசிக்குக் கீழே கிடந்த துணியைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“அந்தப் பிள்ளையோட அம்மா அப்ப எங்க இருந்தா?”

“அந்த இடத்துல அவளைப் பத்தி இல்ல. கடைசியில, வீட்டுக்குள்ள போகும்போதுதான் வர்றா.”

“அதுவரைக்கும்?”

“எழுதல.”

“வாசல்லதான் நின்னிருப்பா. உள்ள பிள்ளை கிடக்கு. இவ உள்ள போறதும், வாசலுக்கு வர்றதும், தெருவைப் பாக்கதுமா இருந்திருப்பா.”

“எழுதலையேம்மா.”

“எழுதலன்னா நிக்கலையா, ஐயா?”

ஆசீர் அந்தப் பாடத்தைச் சின்ன வயதிலிருந்து வாசித்து வருகிறவர். பாதி மனப்பாடம். இத்தனை காலமும் அந்த வாசலில் யாரையும் அவர் பார்த்ததில்லை. இப்போது வரிக்கும் வரிக்கும் நடுவே ஒரு பெண் நின்று தெருவைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“தொட்டவ என்ன ஆனா?” என்று கேட்டாள் தங்கபுஷ்பம்.

“பயந்து நடுங்கிக்கிட்டே வந்து கால்ல விழுந்தா. நடந்ததை எல்லாம் சொன்னா.”

“திட்டுனாரா?”

“இல்ல. மகளேன்னு கூப்பிட்டாரு.”

தெருவில் சைக்கிளில் மீன்காரர் கூவிக்கொண்டு போனார். அந்தச் சத்தம் தேய்ந்து ஓய்ந்தது.

“அந்த நேரத்துலதான அங்க பிள்ளையோட உயிர் போகுது?”

“ஆமா.”

“அவருக்கு அது தெரியும்லா?”

ஆசீர் விரல் வைத்திருந்த வரியைப் பார்த்தார்.

“தெரிஞ்சும் நின்னு, மகளேன்னு கூப்பிட்டிருக்காரு,” என்றாள் தங்கபுஷ்பம். அழவில்லை. சாலையோர மரத்தில் இதுவரை பார்த்திராத பறவையைப் பார்ப்பதுபோல எதையோ பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு மெஷினில் கையை வைத்தாள். “துணி குடுக்கணும், ஐயா.”

மீதியை வாசிக்க ஆசீருக்குத் துணிவு வரவில்லை. எழுந்து வந்துவிட்டார்.

குருமனைக்கு வந்து, வாசலில் நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னார். தங்கபுஷ்பம் கேட்ட கேள்விகளை ஒன்று விடாமல் சொன்னார். அப்போதுதான் வெளியே கிளம்பியிருந்த ஆயரம்மா கேட்டுக்கொண்டே நின்றார்.

கேட்டு முடித்ததும் குனிந்து, காலில் கிடந்த செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்தார். சுடுமண்ணில் வெறுங்காலோடு நின்றார்.

ஆசீர் அதைப் பார்த்தார். பிறகு தானும் கழற்றினார்.

“மீதி இருக்கே, அம்மா,” என்றார். “யவீரு மகள் எழும்பிட்டா. பெனினா எழும்பலையே. தங்கபுஷ்பம் முன்னால அதை நான் எப்படி வாசிப்பேன்? என்ன விளக்கம் சொல்வேன்?”

“எனக்குத் தெரியாது, அண்ணாச்சி.”

“உங்களுக்குமா?”

“எனக்கும்தான்.”

“அப்போ பிரசங்கத்துல அந்த இடம் வரும்போது?”

“தெரியாதவரா நில்லுங்க. தெரிஞ்சவர் மாதிரி பேசிராதீங்க.”

ஆசீர் திரும்பி நடந்தார். ஆயரம்மா பின்னாலிருந்து அழைத்தார்.

“இன்னொரு வீடும் இருக்குல்லா?”

சனிக்கிழமை காலையில் ஆசீர் மேலத்தெருவுக்குப் போனார்.

ஹெப்சி கதவைப் பாதி திறந்தாள். ஆள் மெலிந்திருந்தாள். உள்ளே கூப்பிடவில்லை.

“கோவிலுக்கு வரச் சொல்லி வந்தீங்களா, ஐயா?”

“இல்லம்மா. ஒரு பாடம் வாசிக்க வந்தேன்.”

“எனக்கு எதுக்கு? அன்னைக்கு அந்த வண்டி எனக்காக நின்னிருக்கக் கூடாது. நின்னதாலதான அந்தப் பிள்ளை போச்சு.”

அப்படிச் சொல்லாதே என்று ஆசீருக்கு வாய் வரை வந்தது. விளக்கம் வேண்டாம் என்று ஆயரம்மா சொன்னது ஞாபகம் வந்தது. நிலைப்படிக்கு வெளியே நின்று வாசிக்கத் தொடங்கினார். ஹெப்சி கதவுக்குப் பின்னால் நின்று கேட்டாள். முகம் தெரியவில்லை. கதவைப் பிடித்திருந்த விரல்கள் மட்டும் தெரிந்தன.

நடுங்கிக்கொண்டு வந்த பெண்ணை ஆண்டவர் மகளே என்று அழைத்த இடத்தில் விரல்கள் இறுகின. சமாதானத்தோடே போ என்று அவளை அனுப்பியதை ஆசீர் வாசித்தார்.

“ஐயா.”

“சொல்லும்மா.”

“அந்தப் பொம்பளை பிறகு எங்க போனா?”

“எழுதல.”

“பிள்ளை செத்துப்போச்சுன்னு ஆள் வந்து சொல்லும்போது அவ அங்கதான நின்னா? கேட்டிருப்பாள்லா?”

ஆசீர் அந்த வசனத்தை மறுபடி பார்த்தார். ஆண்டவர் அவளோடு பேசிக்கொண்டிருக்கும்போதே ஆட்கள் வந்தார்கள் என்று இருந்தது.

“கேட்டிருப்பா,” என்றார்.

“கேட்டுட்டு, எந்தக் காலை வச்சு அவ சமாதானத்தோட போவா?” ஹெப்சியின் குரல் உடைந்தது. “அந்தப் பிள்ளை வீட்டுக்குப் போனாளா, ஐயா? அதாவது எழுதியிருக்கா?”

“இல்லம்மா. எழுதல.”

கதவு மெல்லச் சாத்திக்கொண்டது.

அன்று முழுதும் ஆசீர் பேனாவைத் திறக்கவில்லை. எழுத எதுவும் இல்லாமல் இல்லை. எழுதத் தொடங்கினால் எதையாவது மூடிவிடுவோமோ என்று இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை கோவில் நிறைந்திருந்தது. பீடத்துக்கு அருகே தன் நாற்காலியில் ஆயரம்மா அமர்ந்திருந்தார். பாடம் வாசிக்கவும் பிரசங்கிக்கவும் ஆசீர் எழுந்து வந்து சபையைப் பார்த்தார்.

கடைசி பெஞ்சில் தங்கபுஷ்பம் இல்லை.

வருகிறவளையும் வரவிடாமல் செய்துவிட்டேனே என்று நினைத்தார். கையில் தாள் இல்லை. புத்தகத்தைத் திறந்து வாசித்தார். யவீரு விழுந்தான். ஆண்டவர் புறப்பட்டார். கூட்டம் நெருக்கியது.

வாசலில் நிழல் ஆடியது.

தங்கபுஷ்பம் வந்துகொண்டிருந்தாள். அவள் கையைப் பிடித்துக்கொண்டு ஹெப்சி வந்தாள். இரவோடு இரவாக எது நடந்தது, யார் யாரைத் தேடிப் போனார்கள் என்பது இன்றுவரை ஊரில் ஒருவருக்கும் தெரியாது. ஹெப்சிக்கு உடம்பெல்லாம் நடுங்கியது. அத்தனை பேரும் திரும்பிப் பார்க்க, இருவரும் நடுப்பாதை வழியே நடந்து வந்தார்கள். முன் பெஞ்சில் இருந்தவர்கள் சத்தமில்லாமல் நகர்ந்து இடம் விட்டார்கள்.

ஆசீர் அதுவரை வாசிப்பை நிறுத்தியிருந்தார். வாசிப்பது எது, பார்ப்பது எது என்று அவருக்கு ஒரு கணம் பிரிக்கத் தெரியவில்லை.

தொடர்ந்து வாசித்தார். நடுங்கிக்கொண்டு ஒருத்தி வந்தாள். அவளை ஆண்டவர் மகளே என்றார். ஹெப்சி தலையைக் குனிந்துகொண்டாள்.

உம்முடைய மகள் செத்துப்போனாள் என்று யவீருவிடம் ஆட்கள் வந்து சொன்னார்கள். ஆசீர் தங்கபுஷ்பத்தைப் பார்த்தார். அவளும் அவரைப் பார்த்தாள். பார்வையை விலக்கவில்லை.

அவர் வாசித்தார். ஆண்டவர் அந்த வீட்டுக்குள் போனார். தகப்பனையும் தாயையும் உள்ளே அழைத்துக்கொண்டார். பிள்ளையின் கையைப் பிடித்து, எழுந்திரு என்றார். பிள்ளை எழுந்து நடந்தது. தங்கபுஷ்பத்தின் முகத்தில் கண்ணீர் வழிந்தது. அவள் துடைக்கவில்லை. ஆசீர் அந்த இடத்தில் தெரியாதவராக நின்றார்.

பிள்ளைக்குச் சாப்பிட ஏதாவது கொடுங்கள் என்று ஆண்டவர் சொன்னதோடு பாடம் முடிந்தது.

ஆசீர் புத்தகத்தை மூடினார். இனிப் பிரசங்கம். சபை காத்திருந்தது. அவர் வாயைத் திறந்தார். சொல் வரவில்லை. மின்விசிறிகள் சுழலும் சத்தம் மட்டும் கேட்டது.

தங்கபுஷ்பம் பக்கத்தில் இருந்தவளிடம் திரும்பினாள்.

“சாப்பிட்டியா?”

மெதுவாகத்தான் கேட்டாள். கடைசி பெஞ்சு வரை கேட்டது.

இல்லை என்று ஹெப்சி தலையசைத்தாள்.

தங்கபுஷ்பம் அவள் கையைப் பிடித்தாள்.

“எழும்பு,” என்றாள்.

ஹெப்சி எழும்பினாள். இருவரும் வந்த வழியே நடந்து, வாசலைத் தாண்டி, வெளிச்சத்துக்குள் போனார்கள்.

இன்னும் ஒரு வார்த்தைகூடப் பேசாத ஆசீர், என்ன செய்வதென்று தெரியாமல் ஆயரம்மாவைப் பார்த்தார்.

ஆயரம்மா எழுந்து நின்றார்.

“ஆமென்,” என்றார்.