ரெண்டு சிவப்பு டேக்

எங்கள் வங்கியின் தலைமை அலுவலகம் திருச்சியில் இருக்கிறது. மூன்றாவது மாடியில் பாதுகாப்பு அறை. துப்பாக்கி வைத்துக்கொண்டு நிற்கிற பாதுகாப்பு இல்லை. கம்ப்யூட்டர் வழியாக உள்ளே நுழையப் பார்க்கிற திருடனை மடக்குவது எங்கள் வேலை.

அந்த அறைக்குத் தலைவி தில்லைநாயகி மேடம். வயது இன்னும் நாற்பதைத் தொடவில்லை. முதுகுக்குப் பின்னால் நாங்கள் அவரைக் குரு என்றுதான் சொல்வோம். எதைக் கேட்டாலும் நேராகப் பதில் வராது, அதனால்.

சிஷ்யர் ஜெபராஜ் சார். குருவைவிட ரொம்பப் பெரியவர். பல ஊர்களில் கிளை மேலாளராக இருந்துவிட்டு, ஓய்வு பெறும் முன் இந்த வித்தையையும் கற்றுக்கொள்ள வேண்டும் என்று தானாகக் கேட்டு வந்தவர். சின்ன வயதுக்காரியிடம் கேள்வி கேட்க அவர் கூச்சப்பட்டு நான் பார்த்ததில்லை. தங்கமான மனிதர்தான். ஆனால் விதி என்று வந்துவிட்டால் பெற்ற பிள்ளையைக்கூடப் பார்க்க மாட்டார்.

வங்கியில் எல்லோரும் கழுத்தில் நீல டேக் போட்டிருப்போம், அடையாள அட்டை தொங்குவதற்கு. நாங்கள் அவ்வப்போது ஊழியர்களுக்குப் பொய் மெயில் அனுப்பிச் சோதிப்போம். உள்ளே இருக்கும் லிங்கை யாராவது அழுத்திவிட்டால் ஒரு வகுப்புக்கு வரச் சொல்வோம். அவ்வளவுதான் நடைமுறை.

ஜெபராஜ் சார் வந்தபின் அதில் ஒரு விதியைச் சேர்த்தார். அழுத்தியவர் சிவப்பு டேக் போட வேண்டும். பயிற்சி முடியும்வரை கழற்றக்கூடாது. சிவப்பு டேக் கழுத்தில் இருக்கும்வரை பதவி உயர்வு இன்டர்வியூவில் உட்காரவும் முடியாது.

மேலிடத்துக்கு யோசனை ரொம்பப் பிடித்துவிட்டது. மேடம் மட்டும் வேண்டாமே என்றார். யாரும் காதில் வாங்கவில்லை.

சில மாதங்களில் அழுத்துகிறவர்கள் பாதியாகக் குறைந்தார்கள். ஜெபராஜ் சாருக்குப் பெருமை தாங்கவில்லை.

"மேடம், ஜனங்க திருந்திட்டாங்க பாத்தீங்களா?"

"போன் வருதா சார்?"

"எந்த போன்?"

அறையின் நடுவில் ஒரு போன் உண்டு. சந்தேகமாக எதைப் பார்த்தாலும், தப்பாக எதையாவது செய்துவிட்டாலும் கிளைகள் உடனே அந்த எண்ணுக்குச் சொல்ல வேண்டும்.

"வரதில்லையே மேடம். தொல்லை இல்லன்னுதானே அர்த்தம்."

மேடம் எழுந்து போய் அந்த போன் மேல் விரலை வைத்து ஒரு கோடு இழுத்தார். விரலை அவரிடம் காட்டினார். தூசி. திரும்பி வந்து தன் வேலையைப் பார்க்க ஆரம்பித்துவிட்டார்.

"ஆபீஸ் பாய்கிட்ட துடைக்கச் சொல்றேன்," என்றார் ஜெபராஜ் சார். எனக்குச் சிரிப்பு வந்தது, அடக்கிக்கொண்டேன். எனக்கு மட்டும் புரிந்ததாக்கும்?

பிறகு ஒரு திங்கட்கிழமை காலை. வங்கி திறந்த பரபரப்பு. அந்த போன் அடித்தது.

எடுத்தது நான். துறையூர் கிளையிலிருந்து செம்மலர், கவுன்டர் கிளார்க். பேச்சு தெளிவாக இருந்தது.

"சார், சம்பள ஒப்பந்த அரியர்ஸ்னு தலைமை அலுவலகத்திலேர்ந்து மெயில் வந்துச்சு. லிங்கை அழுத்திட்டேன். பாஸ்வேர்டும் அடிச்சுட்டேன். அப்புறம்தான் பாத்தேன், அது நம்ம முகவரியே இல்ல. இப்பதான் சார், ஒரு நிமிஷம்கூட ஆகல."

அரியர்ஸ் என்றால் வங்கிக்காரன் யாராக இருந்தாலும் கை தானாகப் போகும். வருஷக்கணக்காகக் காத்துக் கிடக்கிற கூட்டம் நாங்கள். அனுப்பியவனுக்கு அது தெரிந்திருக்கிறது. இது எங்கள் சோதனை மெயில் இல்லை. நிஜத் திருடன்.

ஜெபராஜ் சார் சீட்டில் இல்லை. கம்ப்யூட்டர் ரிப்பேர் என்று சொல்லிவிட்டு டீ குடிக்கப் போயிருந்தார்.

மேடம் கத்தவில்லை, ஓடவில்லை. செம்மலர் சொன்ன முகவரியை வாங்கி அதை வங்கி முழுக்க அடைத்தார். அந்த முகவரிக்கு வேறு யார் யார் போயிருக்கிறார்கள் என்று தேடினார். கண்ணில் பட்டதையெல்லாம் பூட்டினார். அவன் அதற்குள் வந்துவிட்டிருந்தான். பணப் பரிமாற்றம் நடக்கிற சர்வரின் வாசலை நோண்டிக்கொண்டிருந்ததை நாங்கள் திரையில் பார்த்தோம். வாசல் அவன் மூஞ்சியில் சாத்திக்கொண்டது.

ஒரு வாடிக்கையாளருக்கும் ஒரு பைசா போகவில்லை. எத்தனையோ இடத்தில் விழுந்தவர்களின் கதையைக் கேட்டிருக்கிறோம். எங்கள் வங்கி விழவில்லை. எனக்கு மார்பு விம்மியது, இல்லை என்று சொல்ல மாட்டேன். அன்றைக்கு எல்லோருக்கும் வடை என் செலவு.

மறுநாளே மேலிடத்திலிருந்து கேள்வி வந்தது. அழுத்தியது யார்? விதிப்படி நடவடிக்கை எடுத்தாயிற்றா?

செம்மலருக்கு அந்த வாரம்தான் ஆபீசர் இன்டர்வியூ. ரெண்டு தடவை தவறிப்போய், இது மூன்றாவது. வயது வரம்பும் முடிகிறது. இதை விட்டால் ஆயுசு முழுக்கக் கிளார்க்தான்.

ஜெபராஜ் சார் அலமாரியிலிருந்து ஒரு சிவப்பு டேக்கை எடுத்துக்கொண்டு மேடம் முன்னால் வந்து நின்றார்.

"பாவமாத்தான் இருக்கு மேடம். ஆனா ஆளுக்கு ஆள் மாத்தினா அது விதியா? என்ன பண்ணட்டும்?"

"கொண்டு போய்க் குடுங்க சார்."

மேடமா இப்படிச் சொல்கிறார்?

"ஆனா ரெண்டா எடுத்துட்டுப் போங்க."

"ரெண்டா? அந்தக் கிளையில அழுத்தினது ஒருத்திதானே."

"அந்தக் கிளையில ஒருத்திதான்."

ஜெபராஜ் சார் கையிலிருந்த டேக்கைப் பார்த்தார். அலமாரிக்குத் திரும்பிப் போய் இன்னொன்றை எடுத்துக்கொண்டார்.

செம்மலரின் கம்ப்யூட்டரைச் சுத்தம் செய்ய நானும் அதே காரில் போனேன். துறையூர் வரை ஜெபராஜ் சார் ரெண்டு டேக்கையும் மடியில் வைத்துக்கொண்டு ஜன்னலையே பார்த்துக்கொண்டு வந்தார். "உடம்பு சரியில்லையா சார்?" என்றேன். "ஒண்ணுமில்ல இக்பால்," என்றார்.

கிளையில் எல்லோரும் எழுந்து நின்றார்கள். சாவு வீட்டுக்குள் நுழைந்தது மாதிரி இருந்தது. செம்மலர் தன் நீல டேக்கை ஏற்கெனவே கழற்றிச் சுருட்டிக் கையில் வைத்திருந்தாள். அழவில்லை. நேராக வந்து நின்றாள்.

"குடுங்க சார்."

"இன்டர்வியூ போயிடும்னு தெரியுமாம்மா?"

"தெரியும் சார். நம்பரைப் போடறதுக்கு முன்னாடியே தெரியும்."

"அப்புறம் ஏன் போட்ட? பேசாம இருந்திருந்தா யாருக்குத் தெரியப்போவுது?"

செம்மலர் அவரை ஏற இறங்கப் பார்த்தாள்.

"என் கவுன்டர்ல பணம் போடறவங்கள்ல பாதிப் பேரு மாட்டை வித்த காசைக் கொண்டாந்து குடுக்கறவங்க சார். பேங்க்னு நினைச்சுக் குடுக்கல, என் மூஞ்சியைப் பாத்துத்தான் குடுக்கறாங்க. ஆபீசர் ஆகலேன்னா என்ன, இந்த மூஞ்சியோட நாளைக்கும் அங்க உக்காரணும்ல."



ஜெபராஜ் சார் தன் கழுத்திலிருந்த நீல டேக்கைக் கழற்றினார். அடையாள அட்டையைப் பிரித்துச் சிவப்பில் மாட்டினார். கொக்கி ரெண்டு தடவை நழுவியது. கடைசியில் கழுத்தில் போட்டுக்கொண்டார்.

"அதே மெயில் எனக்கும் வந்துச்சும்மா. உனக்கு முன்னாடியே. நானும் அழுத்தினேன், பாஸ்வேர்டு போட்டேன். தப்புன்னு தெரிஞ்சதும் கேபிளைப் புடுங்கிட்டு, கம்ப்யூட்டர் ரிப்பேர்னு சொல்லிட்டு டீக்கடைக்குப் போயிட்டேன். விதி போட்டவனே நான். எப்படிச் சொல்லுவேன்?"

இன்னொரு டேக்கைப் பின்னால் மறைத்துக்கொண்டார்.

"இது உனக்கு வேணாம்மா. நான் மேலிடத்துக்கு எழுதிக்கறேன்."

"அது எப்படி சார்? நானும்தானே அழுத்தினேன்."

கையை நீட்டி வாங்கி, தலைமுடியை ஒதுக்கிவிட்டுப் போட்டுக்கொண்டாள். பதக்கம் வாங்கினவள்கூட அப்படி நிமிர்ந்து நின்றிருக்க மாட்டாள். கிளை மேலாளர்தான் முதலில் கைதட்டினார்.

அன்று சாயங்காலமே ஜெபராஜ் சார் மேலிடத்துக்கு எழுதினார். தான் செய்ததைச் சொல்லி, தான் போட்ட விதியைத் தானே எடுத்துவிடச் சொல்லி. மேடம் அதைக் கையோடு எடுத்துக்கொண்டு ஐந்தாவது மாடிக்குப் போனார். அங்கே என்ன பேசினார் என்று எங்களிடம் சொல்லவில்லை. செம்மலருக்கு இன்டர்வியூ அழைப்பு போனது.

சிவப்பு டேக்கோடுதான் போனாளாம். "அது என்னம்மா கழுத்துல?" என்று கேட்டிருக்கிறார்கள். "தப்பு பண்ணினேன் சார். உடனே போன் பண்ணினேன். ரெண்டுக்கும் சேத்து இது," என்றாளாம். இன்றைக்கு அவள் லால்குடியில் ஆபீசர்.

விஷயம் கிளை கிளையாகப் பரவியது. எங்கள் போன் விடாமல் அடிக்க ஆரம்பித்தது. இப்போது அழுத்தினவர், எப்போதோ அழுத்திவிட்டு மறைத்தவர், அழுத்தலாமா என்று கேட்கிறவர். அவர்கள் சொன்னதை வைத்து நாங்கள் அடைத்த ஓட்டைகள் கொஞ்சநஞ்சமில்லை. தூசி தட்ட ஆள் தேவைப்படவில்லை.

விதி போய்விட்டது. ஜெபராஜ் சார் மட்டும் சிவப்பைக் கழற்றவில்லை. லிப்டில் யாராவது கேட்டால் மறைக்காமல் கதையைச் சொல்வார். அதைச் சொல்லும்போது அவர் முகத்தில் இப்போது வெட்கம் இல்லை.

ஒரு நாள் மத்தியானம் அவர் மேடம் மேஜைக்குப் பக்கத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"மேடம், ஒண்ணு கேக்கணும். நான்தான்னு உங்களுக்கு எப்பத் தெரியும்?"

"செம்மலர் பேசின உடனே தேடினேன்ல சார். அதுல உங்க பேரும் வந்துச்சு. உங்க கம்ப்யூட்டரையும் பாஸ்வேர்டையும் அப்பவே பூட்டிட்டேன்."

"அன்னைக்கேவா?"

"நீங்க டீ குடிச்சுட்டு வரதுக்குள்ள."

"நான் பக்கத்து சீட்டுலதானே மேடம் இருந்தேன். ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே. மறுநாள் வரைக்கும் ஏன் சும்மா இருந்தீங்க?"

மேடம் திரையிலிருந்து கண்ணை எடுத்து, அறையின் நடுவில் இருந்த போனைப் பார்த்தார்.

"நீங்க போன் பண்ணுவீங்கன்னு காத்துட்டிருந்தேன் சார்."